முகாம் வீடு, வாடகை வீடு, சொந்த வீடு: கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது ஆரம்பாக்கத்திலிருந்து பொன்னேரி வரை எல்லோருக்கும் தெரியும். அங்கிருப்பவர்கள் ஏன் இத்தனை வருஷமாக முகாமிலேயே இருக்கிறார்கள், வெளியே வீடு பார்த்தால் என்ன, நாம் வாடகைக்கு விட்டால் வம்பு வருமா என்பதெல்லாம் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. முகாம் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுப்பதால் இந்தக் கேள்விகள் இரண்டு பக்கமிருந்தும் என்னிடம் வருகின்றன. ஊர்க்காரர்கள் ஒரு விதமாகக் கேட்பார்கள், முகாம்காரர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். அவரவர் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். சட்டமும் தொகையும் மாறக்கூடியவை. காரியத்தில் இறங்குமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இவங்க எப்போ வந்தாங்க? மொத்தம் எத்தனை பேர்?

1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் மீது நடந்த வெறியாட்டத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. ஒரே மூச்சில் எல்லோரும் வந்துவிடவில்லை. 1983 முதல் 1987 வரை ஒரு அலை, 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் இன்னொன்று, 1996-ல் ஒன்று, 2006-ல் ஒன்று. கும்மிடிப்பூண்டி முகாம் 1990-ல் வந்தவர்களுக்காக உண்டானது.

தமிழக அரசு 2021-ல் சொன்ன கணக்குப்படி 1983-லிருந்து வந்தவர்கள் 3,04,269 பேர். பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, போலீஸ் நிலையத்தில் பதிந்துகொண்டு சொந்தச் செலவில் வாழ்ந்தவர்கள் 34,087 பேர். ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற மாநிலத்தில் இந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. ராமேஸ்வரத்துல இறங்கினவங்க ஆந்திரா பார்டர் வரைக்கும் எப்படி வந்தாங்க?

கரையேறியதும் முதலில் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய அதே இடம்தான். அங்கே பெயர் பதிந்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஏன் ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகளேகூட, வேறு வேறு மாவட்டங்களுக்குப் போனதுண்டு.

எங்கே அனுப்புவது என்பதை அரசிடம் காலியாக இருந்த இடமே முடிவு செய்தது. புயல் பாதுகாப்புக் கட்டடம், கிடங்கு, ஊருக்கு வெளியே புறம்போக்கு என்று எது கிடைத்ததோ அதில் இறக்கினார்கள். அவசரத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வந்து நின்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வேலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று யோசிக்காமல் இறக்கிய இடத்திலேயே முப்பது வருஷத்துக்கு மேல் விட்டுவைத்ததைக் குறை சொல்லித்தான் ஆகவேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே சிப்காட்டும் சென்னைக்கு மின்சார ரயிலும் இருந்தன. காட்டோரத்திலும் அணை ஓரத்திலும் போடப்பட்டவர்களுக்கு அதுகூட இல்லை.

3. முகாம் வீடு உள்ளே எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லை.

பழைய வீடு என்றால் பத்தடிக்குப் பத்தடி. வரிசையாக, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. மேலே கல்நார் ஷீட், ஒழுகினால் அதன்மேல் ஒரு ஃபிளெக்ஸ். உள்ளே நுழைந்தால் வலது மூலையில் அடுப்பு. இடது பக்கம் சுவரோடு ஒரு கட்டில். அதன் அடியில் அரிசி மூட்டை, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகப் பெட்டி. குறுக்கே ஒரு கயிறு கட்டி அதில் பழைய சேலை தொங்கும். கல்யாணமான மகனும் மருமகளும் சேலைக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அப்பா ராத்திரி கோயில் திண்ணையில் படுப்பார். மே மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஷீட்டுக்குக் கீழே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும், அதற்கப்புறம் யாரும் 'சும்மா கிடைத்த வீடுதானே' என்று பேச மாட்டார்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். பேரிடர் நேரத்தில் தங்குமிடம் அமைப்பதற்கு உலக அளவில் தொண்டு நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் 'ஸ்பியர்' அளவுகோல் உண்டு. அதன்படி, சமையல், குளியல் இடம் போக, ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும். பத்துக்குப் பத்து என்றால் சுமார் 9.3 சதுர மீட்டர். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 1.9-கூட வராது, அடுப்பையும் சேர்த்து. நிலநடுக்கத்தில் வீடிழந்து நேற்று கூடாரத்துக்கு வந்தவருக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்சத்தில் பாதிதான், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தது.

4. புது வீடு கட்டிக் கொடுத்தாச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே?

போட்டிருந்தது உண்மை. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தார். அதில் பெரிய பங்கு, 231.54 கோடி, பழுதான 7,469 வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு. முதல் கட்டமாக 3,510 வீடுகள். 2021 நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 செப்டம்பரில் அதே ஊரில் வைத்து, 13 மாவட்டங்களில் 79.70 கோடியில் கட்டி முடித்த 1,591 வீடுகளைத் திறந்தார்கள். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சுமார் ஐந்து லட்சம். 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை. மேலே சொன்ன அளவுகோலை இது தாண்டிவிடுகிறது.

நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அதே நேரம், முதல் படகு வந்து 38 வருஷம் கழித்துத்தான் அது அறிவிக்கப்பட்டது. நடுவில் தகரம் மாற்ற, ஷீட் மாற்ற, புயலுக்குப் பின் செப்பனிட என்று திரும்பத் திரும்பச் செலவானது. முதல் ஐந்து வருஷத்துக்குள் ஒழுங்கான வீடாகக் கட்டியிருந்தால் அந்தச் செலவில் பாதி மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

5. உள்ளூர் ஏழைக்கே வீடில்லை. இவங்களுக்கு எதுக்குக் கட்டணும்?

கோபமில்லாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. கேட்கிறவரின் வீடும் பெரும்பாலும் ஒழுகுகிற வீடுதான். ஏரிக்கரையிலும் ரயில்வே இடத்திலும் பட்டா இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் நம் வட்டாரத்தில் நிறைய.

ஆனால் ஒன்றைப் பறித்துத்தான் இன்னொன்றைக் கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் சரியில்லை. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முதல் வருஷத்துக்கு மட்டும் ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. மேலே சொன்ன 7,469 முகாம் வீடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. உள்ளூர்க்காரருக்கு அந்த வீடு அவர் பெயரில் உள்ள மனையில் எழும்பும், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். முகாம்காரருக்கு அது இல்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

6. அக்கா, புது வீடு எங்கட பேரில்தானே? பட்டா தருவினமா?

இல்லை. குடியிருக்கத் தருகிறார்கள், உரிமை தரவில்லை. நிலம் அரசுடையது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசு நிலத்தில் பட்டா கொடுக்கும் வழி இப்போது கிடையாது. சுவரை இடிக்கவோ முன்பக்கம் இழுத்துக் கட்டவோ நினைத்தால் முதலில் வருவாய் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

7. எங்கட காசிலயே ஒரு துண்டு நிலம் வாங்க ஏலாதா? பிள்ளையள் வெளிநாட்டிலிருந்து அனுப்புகினம்.

ஏலாது, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா போன்ற சில நாடுகளோடு இலங்கைக் குடிமக்களும் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தியாவில் அவர்கள் நிலமோ வீடோ வாங்க அனுமதி வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு அனுமதி தேவையில்லை. வாடகை வீடு அந்தக் கணக்கில் வந்துவிடும்.

இது தெரியாமல், தெரிந்த உள்ளூர்க்காரர் பெயரில் பணத்தைக் கொடுத்து இடம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பத்திரத்தில் யார் பெயரோ அவருடையதுதான் இடம். நாளைக்கு அவர் மனசு மாறினாலோ, அவர் இறந்து பிள்ளைகள் வந்து நின்றாலோ, உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. பினாமிச் சட்டத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். கணவனோ மனைவியோ இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்றால் அவர் பெயரில் வாங்கலாம், ஆனால் வக்கீலைப் பார்த்துப் பணம் வந்த வழிக்குக் கணக்கு வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

8. வெளியே வாடகைக்குப் போனால் உதவித்தொகை நிக்குமா?

நின்றுவிடும். முகாமில் இருப்பவருக்குத்தான் மாத உதவி. 2021 உயர்வுக்குப் பின் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். அரிசியும் முகாம் பதிவோடு சேர்ந்தது. வெளியே பதிந்தவர்களுக்கு இதெல்லாம் இல்லை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 போய்விடும். வாடகை புதிதாக ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவதுதான் மிகவும் ஆபத்தானது. முகாமில் ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லை என்றால் முதலில் கேள்வி வரும், தொடர்ந்து இல்லை என்றால் பெயர் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயரைத் திரும்பச் சேர்க்க வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கும் பையன்கள் செக்கிங் நாளுக்கு ஓடி வருவது இதனால்தான். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அதில் போகிறது. கட்டடம் கட்டுகிற ஊரில் ஆள் தேவைப்படுகிறது, படுக்க மட்டும் இன்னொரு ஊர் என்று விதித்து வைத்திருக்கிறோம்.

9. நான் ஹவுஸ் ஓனர். இவங்களுக்கு வீடு விட்டா போலீஸ் பிரச்சினை வருமா?

முறையாகச் செய்தால் வராது. வெளிநாட்டுக் குடிமகனைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தரவேண்டும் என்பது பழைய விதி. 1946-ம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் தங்கவைப்பவர் தகவல் தரும் கடமை உண்டு. ஆகவே அவருடைய அகதிப் பதிவு அட்டை, ஆதார் இருந்தால் அதன் நகல், எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வாங்கி வையுங்கள்.

'பாஸ்போர்ட் இல்லாதவரை வைத்தால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள்' என்று ஒரு புரோக்கர் சொன்னதாக நிறையப் பேர் சொல்கிறார்கள். அதே 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணைப்படி, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு உண்டு. 1991-க்குப் பிறகு வந்த பயம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்களுக்குக்கூட ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டது. அன்றைக்குக் காலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்களிடம் வீடு கேட்டு வருகிறார்கள்.

10. ஃபோன்ல சரின்னாங்க. நேர்ல போனதும் 'எந்த ஊரு'ன்னு கேட்டுட்டு, பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. இது சட்டப்படி சரியா?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. 'வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்' என்ற இடத்தில்தான் எல்லோரும் பத்து மாதத்தை நுழைக்கிறார்கள். பேரம் பேசுங்கள், சட்டம் மூன்று என்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்பதும் அதே சட்டம். பதிவான ஒப்பந்தம் இருந்தால் ஓனருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கு முகவரிச் சான்று.

முகாம் என்று தெரிந்ததும் வாடகையைக் கூட்டிச் சொல்வது, 'வீடு ஏற்கெனவே போயிடுச்சு' என்று சொல்வது, இதற்கெல்லாம் நேரடியாகப் பிடித்துக் கேட்கச் சட்டத்தில் எளிய வழி இல்லை. ஊருக்குள் பெயருள்ள ஒருவர், பிள்ளைகளின் ஆசிரியரோ கம்பெனி சூப்பர்வைசரோ, கூட வந்து ஒரு வார்த்தை சொன்னால் காரியம் நடக்கிறது. அதனால்தான் நானும் கூடப் போகிறேன்.

11. தடாவில வாடகை குறைவெண்டு சொல்லினம். பார்டர் தாண்டிப் போய் இருந்தால் என்ன?

வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவது வேறு, குடிபோவது வேறு. ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. நம்மைப் பொறுத்தவரை பஸ்ஸில் சில நிமிஷம். இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள்தான். அரசுக் காகிதத்தில் அது வேறு மாநிலம். ஆந்திராவில் இலங்கை அகதிகளுக்கு முகாம் கிடையாது, உங்கள் பதிவை வாங்கிக்கொள்ள ஒரு துறையும் கிடையாது. இந்த உதவிகள் எல்லாம் தமிழகத்தின் மறுவாழ்வுத் துறை வழியாக வருபவை. எல்லைக் கோட்டோடு அவை நின்றுவிடும். பதிவு இங்கே, குடியிருப்பு அங்கே என்று இருந்தால் 8-ம் பதிலில் சொன்ன கதிதான். அங்குள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நல்ல சம்பளம் கிடைத்தாலும் கும்மிடிப்பூண்டிப் பக்கமே வீடு பாருங்கள்.

12. இவங்க வந்ததாலதானே இங்க வாடகை ஏறிடுச்சு?

இல்லை. முகாம்காரர்கள் பெரும்பாலும் முகாமில் இருக்கிறார்கள், வாடகைச் சந்தைக்கே வருவதில்லை. வாடகை ஏறியதற்குக் காரணம் சிப்காட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி, அவற்றுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற தொழிலாளர்கள், சென்னையில் கட்டுப்படியாகாமல் ரயில் பாதையோடு வடக்கே வருகிறவர்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அந்த நெரிசல் வழிந்து கும்மிடிப்பூண்டி வரை வருகிறது. ஒரு அறையில் எட்டுப் பையன்களைப் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற ஓனருக்குக் குடும்பத்துக்கு விட மனசு வராது. அதில் அடிபடுவது உள்ளூர்க் குடும்பமும்தான், முகாம் குடும்பமும்தான்.

13. மகனுக்குக் கலியாணம் முடிஞ்சுது. தனி வீடு கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்து, அந்தச் சான்றோடு வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். மருமகள் வேறு முகாம் என்றால் அவர் பதிவை மாற்ற ஆணை வேண்டும். அது வரும்வரை அவருடைய உதவித்தொகை பழைய முகாமில்தான் விழும். வீடு கிடைப்பது காலியைப் பொறுத்தது. மனு நகல், தேதி, பெற்றுக்கொண்ட முத்திரை மூன்றும் பத்திரம்.

14. பர்மாவிலிருந்து வந்தவங்களுக்கு வீடு, கடை எல்லாம் கொடுத்தாங்களே? இவங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

அவர்கள் சட்டப்படி தாயகம் திரும்பியவர்கள், இந்தியக் குடிமக்கள். 1962-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்து வியாபாரத்தையெல்லாம் தேசியமயமாக்கிய பிறகு பர்மாத் தமிழர்கள் வந்தார்கள். வியாசர்பாடியில் குடியமர்ந்தார்கள், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. இலங்கையிலிருந்தும் அப்படி ஒரு கூட்டம் வந்தது: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை, அதாவது தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்களை, இந்தியா ஏற்பதாகச் சொன்னது. அவர்களுக்காக நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டம், கேரளாவில் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம், கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி எல்லாம் வந்தன. 1983-க்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் குடியுரிமை இல்லை, அதனால் அந்தத் திட்டங்களும் இல்லை.

அந்த ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர்களுக்கும் எல்லாம் நன்றாக முடிந்துவிடவில்லை. தோட்டத்தில் கொடுத்த வீடு வேலையோடு பிணைந்த வீடு. வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். நாற்பது வருஷம் தேயிலை பறித்துவிட்டு அறுபது வயதில் எங்கே போவது என்று நின்றவர்கள் கூடலூர்ப் பக்கம் நிறைய. வேலையும் வீடும் பக்கத்தில் இருக்கவேண்டும், ஆனால் ஒன்று போனால் மற்றதும் போகிற மாதிரி இருக்கக்கூடாது.

15. வெளிநாட்டுல எல்லாம் எப்படிச் சமாளிக்கிறாங்க?

உலகத்து அகதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்போது முகாமில் இல்லை, நகரங்களில்தான் இருக்கிறார்கள். பணக்கார நாடுகளும் திணறுகின்றன. 2015-ல் பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையத்தின் கொட்டகைகளில் தடுப்பு வைத்து ஆட்களைத் தங்கவைத்தார்கள்.

என் மனசுக்குப் பிடித்தது ஜோர்டானில் செய்தது. சிரியாவிலிருந்து வந்தவர்களுக்கு 2012-ல் ஜாத்தரி முகாமைத் திறந்தார்கள். ஆனாலும் பெரும்பாலானோர் இர்பித், மஃப்ரக், அம்மான் போன்ற ஊர்களில் வாடகைக்குப் போனார்கள், வாடகை எகிறியது. அப்போது நார்வே அகதிகள் கவுன்சில் ஒரு வழி செய்தது. பாதியில் நின்ற மாடிகளை முடிக்க வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒன்று, ஒன்றரை வருஷம் ஒரு அகதிக் குடும்பத்தை வாடகையில்லாமல் வைத்துக்கொள்ளவேண்டும். வந்தவருக்கு ஊருக்குள் வீடு, ஊர்க்காரருக்கு முடிந்த மாடி, ஊருக்கு ஒரு வீடு கூடுதல். கும்மிடிப்பூண்டியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற மாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

16. எப்படியும் ஒருநாள் திரும்பிப் போறவங்கதானே? அப்புறம் எதுக்கு நிரந்தர வீடு?

இந்த ஒரு எண்ணத்தால்தான் 3-ம் பதிலில் சொன்ன பத்தடி வீடு இத்தனை காலம் நீடித்தது. போர் 2009 மே மாதம் முடிந்தது. போகக்கூடியவர்கள், போக விரும்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். மிச்சமிருப்பவர்களில் பலருக்கு அங்கே போய் நிற்க ஒரு இடமில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்த நிலங்களில் ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை. மலையகப் பூர்வீகம் உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே அங்கே சொந்த நிலமில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாடு அப்பா அம்மா சொல்லித்தான் தெரியும்.

அவர்கள் இங்கே குடிமக்களும் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அப்படிப் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை இல்லை. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, அதனால் வீடு உட்பட எதையும் உரிமையாகக் கேட்க ஒரு பிடி இல்லை. ஓட்டு இல்லாததால் சாக்கடை அடைத்தால்கூட வந்து பார்க்க ஒரு கவுன்சிலருக்கு அவசரம் இல்லை.

போவார்களோ இருப்பார்களோ, நல்ல வீடு வீணாகாது. அவர்கள் போனால் 5-ம் கேள்வி கேட்ட உள்ளூர்க்காரருக்கு அதே வீட்டைக் கொடுக்கலாம். கல்நார் ஷீட்டை யாருக்குக் கொடுப்பது?

17. நாளைக்கே புதுசா படகு வந்தா எங்கே தங்க வைப்பாங்க?

கற்பனைக் கேள்வி இல்லை. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற நேரத்தில், தனுஷ்கோடிப் பக்கம் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களை மண்டபம் முகாமிலேயே வைத்தார்கள். சின்னத் தொகை என்பதால் இடம் போதுமாக இருந்தது.

1990 போல வந்தால் போதாது. அப்போது மறுபடியும் காலியிடத்தைத் தேடி ஊருக்கு வெளியே கொட்டகை போடத்தான் முதலில் தோன்றும். சென்னைக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. நகரத்துக்குள் இருந்த ஏழைகளையே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது எத்தனை பேர் வேலையை இழந்தார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள் என்று பார்த்தோம். முதல் மாதம் எங்கே வேண்டுமானாலும் தங்கட்டும். ஆனால் முதல் மாதத்திலேயே அவரவர் தொழிலைக் கேட்டு எழுதி, சொந்தபந்தம் எந்த முகாமில் என்று கேட்டு, அதன்படி ஊர் பிரிக்கவேண்டும். மீன்பிடிக்கிறவரை மலையடிவாரத்துக்கு அனுப்பக்கூடாது. வாடகைக்குப் போகத் தெம்புள்ளவரை உதவித்தொகையை நிறுத்தாமல் போகவிட வேண்டும். ஒரு குடும்பம் முகாமை விட்டுப் போனால் அரசுக்கு ஒரு வீட்டுச் செலவு மிச்சம்.

18. எங்க மாடியில ஒரு போர்ஷன் காலியா இருக்கு. முகாம்ல ஒரு குடும்பம் கேக்குது. கொடுக்கலாமா, வேண்டாமா?

கொடுங்கள். 9-ம் பதிலில் சொன்ன மூன்று காகிதம், 10-ம் பதிலில் சொன்ன ஒப்பந்தம், இவ்வளவுதான் வேலை. அவர்கள் முகாமில் அனுமதி வாங்கிவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; வாங்காமல் வந்தால் நஷ்டம் அவர்களுக்கு. ஆவணம் பற்றிச் சந்தேகம் இருந்தால், 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்காரர்களிடம் விசாரிக்கலாம்.

கரண்ட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பெரும்பாலான சண்டை அதில்தான் வருகிறது. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா, சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் எத்தனை நாள் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். மாடிச் சுவர் பூசாமல் நிற்கிறதென்றால் அதையும் சொல்லிப் பாருங்கள். வருகிறவர் பெயிண்டராகவோ கொத்தனாராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கூலியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.